ஒன்பது அங்குலச் சுவரில் எட்டடித் திறப்பு: பழைய வீட்டில் பாதுகாப்பாகச் செய்ய வழி உண்டா?

கேள்வி: மஞ்சக்குப்பம் வாசகி, கடலூர்

வணக்கம். என் தந்தையார் 1984-இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கட்டிய வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். தரைத்தளமும் முதல் தளமும் உண்டு. தூண் எதுவும் கிடையாது, எல்லாமே செங்கல்லால் கட்டிய ஒன்பது அங்குலச் சுவர்கள். பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் என் தாயாரைக் கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருக்கிறோம். கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் இடையே உள்ள சுவரில் மூன்றடி வாசல் ஒன்றுதான் இருப்பதால், நான் சமையலறையிலோ சாப்பாட்டு அறையிலோ இருக்கும்போது அவர் என்னைப் பார்க்க முடிவதில்லை. கூப்பிட்டாலும் எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. அந்த வாசலை எட்டடி அகலமாக விரித்துவிட்டால் இரண்டு அறைகளும் ஒன்றாகிவிடும் என்பது எங்கள் எண்ணம்.

சுவரின் நீளம் 14 அடி, வாசல் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. கூடத்தின் அகலம் 12 அடி, சாப்பாட்டு அறையின் அகலம் 11 அடி, உள் உயரம் பத்தரை அடி. இதே சுவருக்கு நேர் மேலே முதல் தளத்திலும் ஒரு சுவர் போகிறது. மாடிப்படிக் கூரையின்மேல் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி உள்ளது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது எங்கள் தெருவில் தண்ணீர் நின்றதில், இந்தச் சுவரின் அடிப்பகுதி முழங்கால் உயரத்துக்கு ஊறிப் பூச்சு உதிர்ந்திருக்கிறது.

எங்களுக்குப் பழக்கமான மேஸ்திரி, வாசற்காலைப் பெயர்த்துவிட்டு இருபுறமும் இடித்து, ஒன்பது அங்குல உயரமுள்ள ஒரு லிண்டல் (வாசலுக்கு மேல் குறுக்கே வைக்கும் கான்கிரீட் கட்டை) போட்டால் போதும் என்றும், மேலே உள்ள கட்டு வளைவுபோல் தானாக நின்றுகொள்ளும் என்றும், நான்கு நாளில் முடித்துவிடலாம் என்றும் சொல்கிறார். அவர்மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனாலும் மேலே ஒரு குடும்பமே குடியிருக்கும்போது, தெரியாமல் ஒரு செங்கல்லையும் எடுக்க மனம் வரவில்லை. இதைப் பாதுகாப்பாகச் செய்ய முடியுமா? எந்த வரிசையில் செய்ய வேண்டும்? பொறியாளரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

பதில் 1: கட்டமைப்புப் பொறியாளர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

வணக்கம் அம்மா. முடியும். ஆனால் நான்கு நாளில் முடியாது, வெறும் லிண்டலாலும் முடியாது. காரணத்தை விளக்குகிறேன்; விளங்கிவிட்டால் மேஸ்திரியிடம் நீங்களே பேசலாம்.

தூண்கள் இல்லாத வீடு என்றால், கூரைத் தளத்தின் எடை முழுவதும் சுவர்கள் வழியாகத்தான் கடைக்காலுக்கு இறங்குகிறது. நீங்கள் சொன்ன சுவர் இரண்டு அறைகளுக்கும் பொதுவானது. எனவே கூடத்தின் தளத்தில் பாதியும் சாப்பாட்டு அறையின் தளத்தில் பாதியும், அதாவது பதினொன்றரை அடி அகலத் தளம், இதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஐந்து அங்குல கான்கிரீட் தளம் மட்டுமே ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்குச் சற்று மேல் வரும். அதன்மேல் போடும் ஓடு அல்லது தரைக்கல், பூச்சு, ஆள் நடமாட்டம், பொருள்கள் எல்லாம் சேர்த்தால் 650 கிலோ என்று கணக்கில் வைக்கலாம். இப்படி இரண்டு தளங்கள், மேல்மாடிச் சுவர், கீழே வாசலுக்கு மேல் உள்ள மூன்றடிக் கட்டு ஆகியவற்றைக் கூட்டினால், இந்தச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளமும் ஏறத்தாழ ஆறரை டன் சுமக்கிறது. எட்டடித் திறப்புக்கு மேல் நிற்கும் எடை பதினைந்து டன்னைத் தாண்டும். நேரில் அளந்தால் இந்த எண் கொஞ்சம் மாறலாம். ஆனால் எந்த அளவில் யோசிக்க வேண்டும் என்பதை இது காட்டும்.

வளைவுபோல் நிற்கும் என்று உங்கள் மேஸ்திரி சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது மூன்றடி வாசலுக்குப் பொருந்தும் உண்மை. செங்கற்கட்டில் ஒரு திறப்புக்கு மேல் அறுபது பாகைச் சாய்வில் ஒரு முக்கோணத்தை வரைந்தால், அதற்குள் அடங்கும் கட்டின் எடை மட்டுமே லிண்டல்மேல் இறங்கும். மற்றது இருபுறமும் வழுவிப் போய்விடும். மூன்றடி வாசலுக்கு அந்த முக்கோணத்தின் உயரம் சுமார் 2.6 அடி. உங்கள் லிண்டலுக்கு மேல் தளம் வரை மூன்றடிக் கட்டு இருப்பதால், தளத்தின் எடை முக்கோணத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. இத்தனை ஆண்டுகளாக அந்தச் சிறிய லிண்டல் விரிசல் விடாமல் நிற்பதற்கு அதுவே காரணம். எட்டடித் திறப்புக்கு அதே முக்கோணம் ஏறத்தாழ ஏழடி உயரம் எழும்பும். தளமும் அதன்மேல் உள்ள மாடிச் சுவரும் அதற்குள் வந்துவிடும். அப்போது வளைவை நம்ப இடமில்லை. முழு எடையையும் உத்திரம்தான் ஏந்த வேண்டும்.

உத்திரத்துக்கு நான் இரும்புக் கர்டரையே விரும்புவேன். பக்கத்துக்கொன்றாக இரண்டு ஐ.எஸ்.எம்.பி. 200 கர்டர்கள் (ஐ வடிவ இரும்புக் கர்டர், எண் மில்லிமீட்டரில் அதன் உயரம்) இந்த எடையை உடையாமல் தாங்கும் என்றே கணக்கு சொல்லும். ஆனால் நடுவில் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குத் தொய்யும். அந்தத் தொய்வு இரும்புக்கு ஒன்றும் செய்யாது. அதன்மேல் உள்ள செங்கற்கட்டு விரிசல் விடும். அதே இடத்தில் இரண்டு ஐ.எஸ்.எம்.பி. 250 வைத்தால் தொய்வு இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். எனவே உங்கள் பொறியாளர் உத்திரம் தாங்குமா என்பதோடு நிற்காமல், எவ்வளவு தொய்யும் என்பதையும் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். கடற்கரை ஊர் என்பதால் இரும்பைத் துரு நீங்கச் சுத்தம் செய்து, துத்தநாக முதற்பூச்சு கொடுத்து, வலை சுற்றிக் கான்கிரீட்டால் மூடிவிடுவது அவசியம்.

எல்லாரும் கவனிக்கத் தவறுவது உத்திரத்தை அன்று, அதன் இரு முனைகளையும் தாங்கப்போகும் மிச்சச் சுவரைத்தான். எட்டடி எடுத்துவிட்டால் இருபுறமும் மூன்றடித் துண்டுகள் மிஞ்சும். ஒவ்வொரு துண்டின்மேலும் ஏழரை டன்னுக்கு மேல் புதிதாக வந்து விழும். ஏற்கெனவே தன் தலைக்கு மேல் உள்ள ஆறு டன்னும் அதற்கு உண்டு. இப்போது சதுர மில்லிமீட்டருக்கு 0.28 நியூட்டன் அளவில் உள்ள அழுத்தம் சராசரியாக 0.65 ஆக உயரும். உத்திரத்தின் முனைக்கு நேர் கீழே அதைவிடவும் கூடும். செங்கற்கட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1905 விதித்தொகுப்பு, 3.5 வகுப்பு (சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் அழுத்தம் வரை நொறுங்காத) செங்கல்லைச் சிமெண்ட் கலவையில் கட்டிய சுவருக்கு அடிப்படையாக அனுமதிக்கும் அழுத்தம் 0.35 மட்டுமே, சுவர் உயரமாகவும் மெலிதாகவும் இருந்தால் இன்னும் குறையும். சூளைச் செங்கல்லில் கட்டிய, அடிப்பகுதி நீரில் ஊறிய சுவரில் இந்த ஏற்றத்தை நான் ஒப்பமாட்டேன். ஆகவே இரு முனைகளிலும் கான்கிரீட்டாலோ இரும்பாலோ தூண் எழுப்பி, அதைத் தனிக் கடைக்காலில் நிறுத்த வேண்டிவரும். பழைய கடைக்காலை ஒட்டித் தோண்டுவது தனி அபாயம் என்பதால், அந்தப் பள்ளத்தைச் சிறு சிறு பகுதியாக, ஒரு பகுதியை நிரப்பிய பின்பே அடுத்ததைத் தோண்டி முடிக்க வேண்டும்.

உத்திரமே இல்லாமல் சுவரை எடுத்தால் தளம் தானே தாங்கிக்கொள்ளாதா என்று சிலர் கேட்பதுண்டு. சுவரின் இருபுறமும் தொடர்ந்து போகும் தளத்தில், சுவருக்கு மேலே வரும் கம்பிகள் தளத்தின் மேற்பகுதியில் இருக்கும், ஏனென்றால் அங்கே இழுவிசை மேற்புறத்தில் வருகிறது. சுவரை எடுத்துவிட்டால் இழுவிசை அடிப்புறத்துக்கு மாறும். அங்கோ போதிய கம்பி இராது. அதை ஒரு நாள்கூடச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

பொறியாளர் வந்தால் மூன்று நான்கு இடங்களில் பூச்சைத் தட்டிச் செங்கல்லையும் கலவையையும் பார்க்கட்டும். இரண்டு மூன்று செங்கல்லை எடுத்துச் சோதனைக்கும் அனுப்பட்டும். கடைக்காலின் ஆழத்தை ஓரிடத்திலாவது தோண்டிக் காண வேண்டும். வரைபடத்தையும் முட்டுக்கொடுக்கும் வரிசையையும் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். கடலூர் 2021 முதல் மாநகராட்சி. தமிழ்நாட்டில் 2019-இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறையில் உள்ளன. தொடங்குமுன் மாநகராட்சி அலுவலகத்தில் அனுமதி பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற ஒப்பந்ததாரர், திருப்பாதிரிப்புலியூர்

சகோதரிக்கு வணக்கம். பொறியாளர் ஐயா கணக்கைச் சொல்லிவிட்டார். நான் களத்தில் பார்த்த வேலையைச் சொல்கிறேன். இந்த வேலையில் பாதிப் பாடு முட்டுக்கொடுப்பதில்தான். இடிப்பது கடைசியில் வரும் சிறிய வேலை.

முதலில் மேல்மாடித் தொட்டியைக் காலி செய்யுங்கள். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். சுவரை ஒட்டி மாடியில் உள்ள பீரோ, புத்தக அலமாரி போன்றவற்றை வேறு அறைக்கு மாற்றுங்கள். மாடியில் இருப்பவர்களை வேலை முடியும்வரை வேறிடத்தில் தங்கவையுங்கள், உங்கள் தாயாரையும்கூட. இது என் வேண்டுகோள் மட்டுமன்று. நான் எடுத்த எந்த வேலையிலும் தலைக்கு மேல் ஆளை வைத்துக்கொண்டு சுவரைத் தொட்டதில்லை.

முட்டு இரண்டு வகையில் வேண்டும். சுவரின் இரண்டு பக்கமும் இரண்டரை மூன்றடி தள்ளி, தளத்துக்கு அடியில் கனத்த பலகையோ கர்டரோ கொடுத்து ஒரு வரிசை. இது தளத்தை மட்டுமே பிடிக்கும். மாடிச் சுவரைப் பிடிக்க, உத்திரம் வரப்போகும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் மூன்றடிக்கு ஒரு துளை போட்டு, சுவரின் குறுக்கே குட்டைக் கர்டர்களை நுழைத்து, அவற்றின் இரண்டு முனையிலும் முட்டு நிறுத்த வேண்டும். பொறியாளர் சொன்ன ஆறரை டன் கணக்கில், ஒரு குட்டைக் கர்டர் ஆறு டன் வரை சுமக்க நேரிடும். அப்படியென்றால் முனைக்கு மூன்று டன். சென்ட்ரிங் வேலைக்கு வாடகைக்கு வரும் சாதாரண ஜாக்கியை (நீட்டிக் குறைக்கக்கூடிய இரும்பு முட்டு) பத்தடிக்கு நீட்டி நிறுத்தினால் அவ்வளவு தாங்கும் என்று நம்பாதீர்கள். நீளம் கூடக்கூட அதன் பலம் வெகுவாகக் குறையும். முனைக்கு இரண்டு ஜாக்கி, குறுக்குக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்துவதே என் வழக்கம். நம் பக்கத்தில் சவுக்கு மலிவாகக் கிடைப்பதால் சவுக்கு முட்டிலேயே முடித்துவிடலாம் என்பார்கள். புதுத் தளம் போடச் சவுக்கு போதும். நிற்கும் சுவரைத் தாங்கச் சவுக்கு வேண்டாம். ஈரம் காயக்காய ஆப்பு தளர்ந்துபோகும், தளர்ந்தது கண்ணுக்கும் தெரியாது.

முட்டு எதன்மேல் நிற்கிறது என்பதைப் பார்க்கப் பலர் மறக்கிறார்கள். நம் வீடுகளில் தரைக்கு அடியில் மணலை நிரப்பி, மேலே மெல்லிய கான்கிரீட் போட்டுத்தான் கல் பதிக்கிறார்கள். மழையில் ஊறிய அந்த மணல் பல இடங்களில் இறங்கி, கல்லுக்கு அடியில் வெற்றிடம் விட்டிருக்கும். தரையைத் தட்டிப் பாருங்கள். வெற்றொலி வந்தால் அங்கே கல்லைப் பெயர்த்து, கெட்டித்து, கனத்த பலகை பரப்பிய பிறகே முட்டு வைக்க வேண்டும்.

வரிசை இப்படி இருக்கட்டும். தூணும், உத்திரம் உட்காரும் கான்கிரீட் படுகைக் கட்டையும் முதலில் எழும்ப வேண்டும். அதற்குச் சுவரில் சிறு குழி மட்டும் வெட்டினால் போதும். அது நன்றாக இறுகியபின் முட்டு, அதன்பின் இடிப்பு. ஓரங்களைக் கட்டிங் மெஷினால் கீறிக்கொண்டு, மேலிருந்து கீழாக, செங்கல் செங்கல்லாக உளியால் கழற்ற வேண்டும். சம்மட்டி அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. கர்டரை ஏற்றியபின், அதற்கும் மேற்கட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இரும்புத் தகடுகளால் ஆப்பு இறுக்கி, சுருங்காத கலவையை இடித்து இடித்து அடைக்க வேண்டும். இந்த இடைவெளியை வெறும் பூச்சால் மூடிவிட்டால் முட்டை எடுத்த அன்றே மேலே விரிசல் ஓடும். கர்டருக்குப் பதில் கான்கிரீட் உத்திரமே போடுவதானால், ஆறு மீட்டருக்கு உட்பட்ட உத்திரத்துக்குப் பதினான்கு நாள் முட்டு இருக்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்கிறது, நான் இருபத்தொரு நாள் வைப்பேன். எடுக்கும்போது நடுவில் தொடங்கி, எல்லா ஜாக்கியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒன்றை மட்டும் முழுதாகக் கழற்றக் கூடாது.

வேலை தொடங்குமுன் மாடிச் சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளைக் கலவை வைத்து ஒட்டித் தேதியை எழுதிவிடுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும். மாடியில் ஒரு கதவு திடீரென்று இறுகினாலும், முட்டைத் தட்டும்போது ஓசை மாறினாலும், தூசி தானாகக் கொட்டினாலும் ஆட்களை வெளியேற்றிவிட்டுப் பொறியாளரை அழைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே தொடாதீர்கள். பொங்கல் கழித்துச் சுவர் காய்ந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: பழைய வீட்டுக்காரர், புதுச்சேரி

எங்கள் வீடு மெட்ராஸ் டெரஸ் கூரை கொண்டது. உங்களுடையதுபோல் கான்கிரீட் தளம் அன்று. ஆனாலும் எங்களுக்கு நேர்ந்ததை எழுதுகிறேன், இங்கே இதைப் படிக்கும் பழைய வீட்டுக்காரர் யாருக்கேனும் பயன்படும்.

மெட்ராஸ் டெரஸில் தேக்குச் சட்டங்களை வரிசையாகச் சுவரிலிருந்து சுவருக்குக் கிடத்தி, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டியிருப்பார்கள். தாழ்வாரத்துக்கும் அறைக்கும் இடையே இருந்த வாசலை ஆறடிக்கு விரித்தோம். வேலை செய்தவர் அறைப் பக்கம் மட்டும் முட்டுக் கொடுத்தார். தாழ்வாரச் சட்டங்களின் முனைகளும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருந்தன என்பதை நாங்களும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் இரண்டு சட்டங்கள் அரை அங்குலம் இறங்கியிருந்தன. யாருக்கும் காயமில்லை. ஆனால் கூரைமேல் பதித்திருந்த தட்டை ஓடுகள் பிளந்து, அந்த ஆண்டு மழை முழுவதும் கூரை ஒழுகியது. முனைகள் ஊறி, சட்டங்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே சட்டம் எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தச் சுவரில் முடிகிறது, முனை உளுத்திருக்கிறதா என்பதைச் சுவரைத் தொடுமுன் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும். சுண்ணாம்புக் கட்டு நீரை வெகுவாக உறிஞ்சும். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் (பிரெஞ்சுக் கால நகராட்சிக் கட்டடம்) இடிந்து விழுந்தது இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கும். பிறகுதான் அதைப் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பினார்கள். வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால் முதலில் புதுச்சேரி நகர அமைப்புக் குழுமத்தில் விசாரியுங்கள்.

கேள்வி கேட்டவர்: மஞ்சக்குப்பம் வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரண்டு இடங்களில் பூச்சைத் தட்டிப் பார்த்தோம். மேலே செங்கல் கெட்டியாக இருக்கிறது. அடியில் இரண்டடி வரை நகத்தால் கீறினாலே பொடிகிறது. நீங்கள் எழுதியதை மேஸ்திரிக்குப் படித்துக் காட்டினேன். முக்கோணக் கணக்கைக் கேட்டுவிட்டு, பொறியாளர் வரட்டும், அவர் சொல்கிறபடி செய்கிறேன் என்று தாமே சொன்னார். ஒரு சந்தேகம். தாயார் கட்டிலிலிருந்து என்னைப் பார்க்க வேண்டும், சக்கர நாற்காலி தாராளமாகப் போக வேண்டும். அவ்வளவுதான் எங்கள் தேவை. நூல் பிடித்துப் பார்த்தபோது ஐந்தடித் திறப்பிலேயே சமையல் மேடை வரை அவர் கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்தடிக்குக் குறைத்துக்கொண்டால் பெரிய வித்தியாசம் வருமா?

பதில்: கட்டமைப்புப் பொறியாளர், லாஸ்பேட்டை

மிகப் பெரிய வித்தியாசம் வரும். திறப்பு குறைந்தால் உத்திரத்தின் வளைவிசை (அதை வளைக்க முயலும் விசை) நீளத்தின் வர்க்கத்துக்கேற்பவும், தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்குக்கேற்பவும் குறையும். தாங்குமிடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஐந்தடிக்கு வளைவிசை எட்டடியில் இருந்ததில் பாதிக்கும் கீழே, தொய்வு ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு ஐ.எஸ்.எம்.பி. 200 கர்டர்களே போதுமானவை ஆகலாம். முனைக்கு ஏழரை டன்னுக்கு மேல் வந்தது ஐந்து டன் அளவாகும். இருபுறமும் மிஞ்சும் சுவர் மூன்றடியிலிருந்து நாலரை அடியாக நீள்வதால், அதன் சராசரி அழுத்தம் 0.65 என்பது 0.44 ஆக இறங்கும். செங்கல் சோதனையில் 5 வகுப்பு வந்தால், நீண்ட படுகைக் கட்டையோடு தூண் இல்லாமலே முடிக்க வழியுண்டா என்று பார்க்கலாம்.

ஆனால் நீங்கள் சொன்ன அடிப்பகுதிப் பொடிவு அதற்குத் தடையாக நிற்கிறது. திறப்பு எதுவாக இருந்தாலும், அந்த இரண்டடியை முதலில் சீர்செய்தாக வேண்டும். ஒரு நேரத்தில் இரண்டடி நீளத்துக்கு மேல் போகாமல், ஒன்றுவிட்டு ஒன்றாகப் பொடிந்த கற்களை எடுத்து, நல்ல செங்கல்லால் இறுக்கிக் கட்டி, அது காய்ந்தபின் நடுவில் விட்டதைத் தொட வேண்டும். இந்த வேலையையும் முட்டுக்கொடுத்த பிறகே தொடங்குங்கள். மழை முடிந்து தை மாதம் வந்ததும் பொறியாளரை அழைத்து, செங்கல் சோதனையிலிருந்து ஆரம்பியுங்கள். அதுவரை வாசற்காலைக்கூடப் பெயர்க்க வேண்டாம். மூன்றடி லிண்டலின் இரு முனைகளும் அந்தப் பழைய கட்டின்மேல்தான் இன்னும் நிற்கின்றன.